அமானிதப் பெட்டி

குற்றச்சாட்டு: வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு வந்த பயணிகள் விமானத்தை நடுக்கடலுக்கு மேல் சிதறடித்த குண்டு, காத்தான்குடி றிப்ஷானின் பெட்டியில் இருந்திருக்கலாம் என விசாரணைக் குழு 2024 மே 6ஆம் திகதி வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் எழுதியது. பலியானோர் வரிசையிலிருந்து அவர் பெயரை நீக்கியது. சான்று எதனையும் காட்டவில்லை.

றிப்ஷானின் மனைவி நிஸ்மியா அனுப்பிய மனுவின் தொடக்கம் இது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அபாயா தைத்துப் பிழைத்தவர் அவர். அரசு வெளியிடும் வர்த்தமானிகளின் பழைய இதழ்களைப் படித்தே மனு எழுதப் பழகினார். தன் கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் எறிந்ததில்லை.

ஆனால் அந்த அறிக்கைக்கு அடிப்படையாய் அமைந்தது அவரது வாய்மொழிதான். கணவனை இழந்த பெண் வெளி ஆண்களுக்கு முகம் காட்டாதிருக்கும் இத்தாக் காலத்தில் அதிகாரிகள் வந்தார்கள். திரைக்குக் கீழாக ஒரு படத்தை நீட்டினார்கள். வளைகுடா விமான நிலைய வாசலில் றிப்ஷான் வண்டி தள்ளுகிறார். அதன்மேல் பச்சைக் கயிறு கட்டிய பெட்டி, நான்கு பக்கமும் 'ஆமினா உம்மா' என்ற பெயர்.

"இது உங்கட பெட்டியா?"

"எங்கட இல்ல. அமானிதம்."

"உள்ள என்ன இருந்தது?"

"அமானிதத்த நாங்க பிரிச்சுப் பாக்கிறல்ல."

காத்தான்குடியில் எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அறைத்தோழன் தன் வீட்டுக்கு ஒப்படைத்துவிடும் பெட்டியைச் சுமந்து வருபவர் தன்னுடையதென்று சொல்லமாட்டார்; கயிற்றை அவிழ்ப்பது மானக்கேடு. அறிக்கையிலோ அது, 'உள்ளே இருப்பதை அறியாமல் பிறர் பெட்டியைக் கொண்டுவந்தவர்' என்றாயிற்று.

அதன்பின் தைக்கத் துணி கொடுத்தவர்கள் அரைகுறையாகவே திருப்பி வாங்கிப் போனார்கள். அவர்களை நிஸ்மியாவும் நம்பவில்லை. எல்லாரையும் விட அவர் ஐயுற்றது, பெட்டியைக் கொடுத்துவிட்ட அறைத்தோழன் நளீரை. விடுமுறையில் ஊருக்கு வந்தும் அவன் ஒரு முறைகூட வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இத்தா முடிந்திருந்ததால் நிஸ்மியாவே புறப்பட்டார்.

நளீரின் தாய் ஆமினா உம்மா வரவேற்றார். "வா புள்ள, இரி. தேத்தண்ணி ஊத்துறன். மகன் அனுப்பின பால்மா இரிக்கி."

நளீர் உள்ளிருந்து வந்தவன், நிஸ்மியாவைக் கண்டதும் நின்றான்.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன வெச்ச நீ?"

"ராத்தா, என்னிலயா சந்தேகம்?"

"எனக்கு எல்லாரிலயும்தான். உன்ன மட்டும் விட உனக்கென்ன கொம்பா?"

அவன் பார்வை அலுமாரியின்மேல் ஒருகணம் போய் மீண்டது. நிஸ்மியாவும் பார்த்தார். பச்சைக் கயிறு. 'ஆமினா உம்மா.' அதிகாரிகள் விட்டுப்போன படத்தைப் பையிலிருந்து எடுத்து ஒப்பிட்டார். எழுத்தின் சாய்வுகூட மாறவில்லை.

"இது எப்ப வந்த மாமி?"

"கப்பல்ல, போன மாசம். ஏன் புள்ள?"

நளீர் கதிரையில் சரிந்தான். "எயாப்போட்டில நிறை கூடிட்டு. றிப்ஷான் நாநா வெளிய வந்து என்னட்டயே திருப்பித் தந்தார். அது பிளேன்ல ஏறவே இல்ல. மறுகா நான்தான் கப்பல்ல போட்ட."

"இத்தன மாசமா வாயில என்ன வெச்சிருந்த?"

"சொன்னா என்னத்தானே முதல்ல புடிப்பானுகள்!"

ஆமினா உம்மா தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். "நீ குடுத்த சாமான அவன் ஒழுங்காத் திருப்பித் தந்தான். அவன்ட பேர நீ திருப்பிக் குடுடா. எழும்பு!"

அன்றே சமாதான நீதவான் முன் நளீர் வாக்குமூலம் கொடுத்தான். நிஸ்மியா அதை மூன்று தடவை வாசித்தார். அவனை இன்னும் முழுதாக நம்பாததால் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்கினார். பெட்டியைக் குழுவுக்கு அனுப்பவுமில்லை. மனுவை இவ்வாறு முடித்தார்:

"பெட்டி ஆமினா உம்மா வீட்டில் உள்ளது, எனது முன்னிலையில் வந்து பார்க்கலாம். அது விமானத்தில் ஏற்றப்பட்டதாகக் காட்டும் பதிவு எங்கே? பதிவு இல்லையெனில், வெடித்தது யாருடைய பொதி? என் கணவரின் பெயர் பலியானோர் வரிசையில் எந்தத் திகதியில் மீண்டும் சேர்க்கப்படும்? தொலைபேசியில் கூறும் விளக்கத்தை ஏற்கமாட்டேன். பொறுப்பான அதிகாரியின் பெயரும் கையொப்பமும் இட்டு, எழுத்தில் பதில் தருக."