கொழுஞ்சிக்காரியின் குட்டிகள்

கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும் சின்ன இரும்புக் கருவி அது. ஆடு ஒரு வாய் கடித்தால் நான் ஒருமுறை அழுத்த வேண்டும். எம்.ரெட்டியபட்டிக்கு வெளியே ஒரு தரிசில், ஒற்றை வெள்ளாட்டின் பின்னால், காலையிலிருந்து வெயில் சாயும் வரை அழுத்திக்கொண்டே நடந்தேன். எந்தச் செடியில் எத்தனை கடி என்பதுதான் என் ஆராய்ச்சி. பக்கத்துப் பருத்திக் காட்டில் களையெடுத்த பெண்கள் முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டுக்குச் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எண்ணுங்க டாக்டரம்மா. ஆனா அது மூணு தரம் மோந்து பாத்துட்டு ஒரு தரந்தான் கடிக்கும். மோந்ததையும் சேத்து எண்ணிப்புடாதீக" என்றார். அன்று முழுக்க நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நான் அப்போது டாக்டரும் இல்லை.

ஊரில் அவரை ஆட்டுக்கார அக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய பெற்றோர் காலம் வரைக்கும் பிறர் காட்டில் கூலி வேலைதான். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார், அக்கா கன்னி இனத்து வெள்ளாடுகள் முப்பது வைத்திருந்தார். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, நெட்டையான கால் என்று எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, அதன் குணத்தைச் சொல்லித் திட்டுவார். அதில் ஒருத்தி கொழுஞ்சிக்காரி.

எங்கள் பக்கத்துத் தரிசெல்லாம் கொழுஞ்சி மண்டிக் கிடக்கும். பூ விட்ட பிறகு ஆடு மாடு அதில் வாய் வைப்பது அபூர்வம். வயலில் மடக்கி உழுது உரமாக்குவதோடு சரி. சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகிப்போய், ஆடுகள் கருவேல நெற்றுக்கு அலையும் காலத்திலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அந்தச் செடியைத்தான் இந்த ஆடு ஆசை ஆசையாகத் தின்றது. அதன் குட்டிகளும் தின்றன. மற்ற ஆடுகளின் குட்டிகள் முகர்ந்துவிட்டு நகர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் குணம் ஒரு மந்தைக்கு வந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கோடையே வேறாகிவிடும்.

பிள்ளைக்குப் பெற்றோரிடமிருந்து எது எப்படி வருகிறது என்று மனிதர்கள் யோசித்து வந்த கதையில் எனக்கு அப்போது பெரும் பித்து. விந்துக்குள்ளேயே முழு உருவம் ஒன்று சுருண்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். தாய் தகப்பன் இருவருடைய குணமும் பாலும் டிக்காஷனும் போலக் கலந்துவிடும் என்றார்கள் வேறு சிலர். எட்டி எட்டி இலை தின்ற விலங்குக்குக் கழுத்து நீளும், அந்த நீளத்தோடே அதன் குட்டி பிறக்கும் என்று வாதாடினார் ஒருவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, ஒவ்வொரு மணியாக எண்ணி உண்மைக்குப் பக்கத்தில் போன துறவியின் கட்டுரையோ, யாரும் பொருட்படுத்தாமல் பல வருஷம் கிடந்தது. அவரும் எண்ணினார், நானும் எண்ணுகிறேன் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் என் அட்டவணை கச்சிதமாக அமைந்தது. தாய் எண், குட்டி எண், கொழுஞ்சியில் கடித்த கடி. கொழுஞ்சிக்காரியின் பெயருக்கு நேரே இருந்த குட்டிகள் எல்லாம் தின்றன, மற்றவை தின்னவில்லை. இந்த விருப்பம் ரத்தத்தில் வருவது என்று ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். என் பேராசிரியருக்கு ஏக மகிழ்ச்சி. கொழுஞ்சிக்காரியின் குட்டிகளிலேயே கொழுஞ்சியை மிக அதிகமாகத் தின்ற கிடாவை எங்கள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறக்கும் குட்டிகளைத் திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

கிடாவை ஏற்ற வண்டி வந்த அன்று, படிவத்தில் தாயின் எண்ணை எழுதினேன். "எதுக்கு இவன மட்டும் கொண்டு போறீக?" என்று கேட்டார் அக்கா. தாயின் ரத்தம் இவனுக்குள் ஓடுகிறது, இவன் குட்டிகளுக்கும் ஓடும் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"இவன அவ பெக்கலியே. பெத்தவ ஈனும்போதே செத்துப் போனாளே."

அதே நாளில் கொழுஞ்சிக்காரியும் ஈன்றிருக்கிறாள். அவளுடைய பனிக்குடத் தண்ணீரை வாடைக்காக அனாதைக் குட்டியின் மேல் தடவி, அவள் குட்டியோடு சேர்த்து மடியில் விட்டிருக்கிறார் அக்கா. நான் ஒரு வாரம் கழித்துப் போய் இது யாருடைய குட்டி என்று கேட்டபோது, கொழுஞ்சிக்காரி குட்டி என்றே சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?" என்று கத்தினேன். வண்டி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்தவ குட்டின்னு பட்டியில வாய்விட்டுச் சொன்னா தாயி ஒதைச்சுத் தள்ளிரும். நாங்க யாரும் சொல்ல மாட்டோம். இப்ப பால்குடி மறந்து வளந்துட்டான், அதான் சொல்றேன். இவன நம்பி ஊரு ஊராக் குட்டி குடுத்து, அதுக கொழுஞ்சியத் தொடலன்னா என்னையில்ல பேசுவாக?"

வேறு எதையாவது இப்படி மாற்றினீர்களா என்று கேட்டேன். மறு வருஷம் கொழுஞ்சிக்காரி மூன்று ஈன்றதாகவும், அதில் நோஞ்சானை, தன் குட்டி செத்துப்போன இன்னொருத்தியிடம் விட்டதாகவும் சொன்னார். நோட்டைப் புரட்டினேன். அந்த இன்னொருத்தியின் பெயருக்கு நேரே ஒரு குட்டி, கொழுஞ்சியை ஒருமுறைகூடத் தொடாத குட்டி. இவள் பெற்று அவளிடம் வளர்ந்தது தின்னவில்லை. எவளோ பெற்று இவளிடம் வளர்ந்தது எல்லாவற்றையும்விட அதிகம் தின்கிறது. இது ரத்தமே இல்லை. தாயோடு மேய்ந்து, தாயின் வாயைப் பார்த்துப் பழகிய பழக்கம்.

வண்டியைக் காலியாக அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் வந்து சேரும் வரை, இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன். அந்த இரண்டு குட்டிகளின் விஷயம் எனக்கும் அக்காவுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஆய்வேடு பைண்டிங் போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கிடாவை அனுப்பினால் அக்காவுக்கு என்ன கெட்ட பெயர் வரும் என்று அவரே சொல்லிவிட்டார். மறுநாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு, "இன்னும் ஒரு வருஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஈற்றில், இந்த முறை தெரிந்தே குட்டிகளை மாற்றிவிட்டோம். தடவியது அக்கா, எழுதியது நான். பட்டியில் இருவரும் வாய் திறக்கவில்லை. எவளிடம் வளர்ந்ததோ, அவள் தின்றதையே குட்டியும் தின்றது. ஆய்வேட்டைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். முதலில் எழுதியதைவிட இது எவ்வளவோ உசத்தி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. கிடா கேட்டு வருகிறவர்களிடம் அக்கா இப்போது, "கெடா வேணாம். கொழுஞ்சி திங்கிற தாயாட்ட ஒண்ண வாங்கி ஒங்க குட்டிகளோட மேய விடுங்க" என்கிறார்.

என் வாய்மொழித் தேர்வுக்கு அக்காவும் கணவரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் இங்கிலீஷிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியாக ஒன்று கேட்டார்: அந்த இரண்டு குட்டிகளும் மாறியது முதல் நாளே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொய் சொல்ல மனம் வரவில்லை. இரண்டையும் அட்டவணையிலிருந்து நீக்கியிருப்பேன், ரத்தம் என்றே எழுதிப் பட்டமும் வாங்கியிருப்பேன் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்: "கடைசியில அவுக என்னத்தக் கேட்டாக? ஒங்க மூஞ்சியே செத்துப் போச்சே."

கேள்வியையும் பதிலையும் தமிழில் சொன்னேன். அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒங்ககிட்டயும் சொல்லாம இருந்தது நல்லதாத்தான் போச்சு" என்றார்.