பத்து எழுத்தில் ஒரு சொல்

பட்டுச் சேலைக்கடையில் விலைச் சீட்டின் மூலையில் நாலைந்து ஆங்கில எழுத்துகள் இருக்கும். வாங்க வருகிறவர்கள் ஏதோ கம்பெனி நம்பர் என்று விட்டுவிடுவார்கள். அதுதான் அடக்க விலை. பத்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, இப்படியே போய்ப் பத்தாவது எழுத்து பூஜ்யம். ஒரே எழுத்து இரண்டு தடவை வரக்கூடாது, வந்தால் எல்லாம் குழம்பும். சொல் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு வரை இறங்கலாம் என்பது சீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் அந்தச் சொல் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. ஆள் கூட்டிவரும் புரோக்கர்கள் சீட்டைப் படித்து, வாங்க வந்தவர் காதில் அடக்க விலையை ஓதினார்கள். முதலாளி கொதித்துப்போனார். ஆடி முடிந்து வரும் சரக்குக்குப் புதுச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை பூஜைத் தட்டில் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

எனக்கு அது தலைபோகிற காரியம். கூரம் கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி வந்து மூன்று மாசமாக டிரையலில் இருந்தேன். என்னோடு இன்னொரு பெண்ணும் டிரையல், இடம் ஒன்றுதான். வீட்டில் ஆட்டோ ஓட்டும் கணவர் காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு படுத்திருந்தார். நல்ல சொல்லாகக் கொடுத்தால் முதலாளி மனசில் நிற்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் எழுத்து எண்ணுவதே பிழைப்பாகிவிட்டது. பஸ்ஸில் போனால் கடைப் பலகை, மருந்துக்கடைக்குப் போனால் மாத்திரை அட்டை. ஒன்பதில் நின்றுவிடும், இல்லையென்றால் பதினொன்றுக்கு ஓடும். தப்பித்தவறிப் பத்து வந்தால் உள்ளே 'ஈ' இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துமேல் வந்த கோபம் எனக்கு என் நாத்தனார்மேல்கூட வந்ததில்லை. கடைசியில் வியாழக்கிழமை, டிபன் பொட்டலம் கட்டி வந்த ஆங்கிலப் பேப்பரில் அகப்பட்டது: பேங்க்ரப்ட்சி. விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். பத்து. ஓர் எழுத்துகூடத் திரும்ப வரவில்லை. நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது, கையில் பட்டன் போன். அர்த்தம் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. முன்னால் பேங்க் இருக்கிறதே, பணம் கொழிக்கிற சொல்லாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டு, லட்சுமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டை வைத்தார்கள். முதலாளி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். என்னுடையதைப் பிரித்ததும் திரும்பத் திரும்பப் படித்தார். பூரித்துப்போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சீட்டைத் தூக்கிக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். நான் பாதி எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் நூல் சேலைப் பிரிவு அக்கா உட்கார்ந்திருந்தார். என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு அவர் எழுந்து நின்றார்.

"நான்தான் மொதலாளி எழுதனேன்."

கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசுவதே அந்த அக்காதான். அந்தச் சொல்லுக்குத் திவால் என்று அர்த்தம், அது அவருக்கா தெரியாது? விளக்கேற்றிய நேரத்தில், லட்சுமி முன்னால், தெரிந்தே எழுதிய திமிர் என்று முதலாளி எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும் அக்கா வாங்கிக்கட்டிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அர்த்தமே விளங்கியது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மேனேஜர் எழுதிய சொல்லை முதலாளி வைத்துக்கொண்டார். ஆவணியில் அக்காவை முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு மாற்றுவதாக இருந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. இன்னும் இரண்டு வருஷம் அவர் நூல் சேலையிலேயே இருந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது.

பூஜை நடந்த அன்று மத்தியானம் சாப்பிடும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு அழுதேன். அக்கா தன் டப்பாவிலிருந்த முட்டையில் பாதியை என் சோற்றில் வைத்தார். "என்னத் திட்டத்தான் முடியும்மா. உன்ன அனுப்பிச்சிடுவாரு," என்றார். வெள்ளிக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் அந்த முட்டையைத் தின்றேன்.

இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டு முன்னறையில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் சீட்டுக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. இந்தத் தடவை நானே ஒரு நிபந்தனை கூடச் சேர்த்துக்கொண்டேன்: அக்கா பெயர் தொடங்கும் எழுத்தில் அது தொடங்க வேண்டும். கையில் ஸ்மார்ட் போன் இருந்தும் மனசுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆனது.

போன தை மாசம் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அக்கா வந்தார். சர்ச் கல்யாணம், சந்தன நிறத்தில் ஒன்று பிடித்துப்போனது. விலை கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சீட்டை அவர் கையில் கொடுத்து, அந்தச் சொல்லைக் காதோடு சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

"உங்க எழுத்துலதான்க்கா ஆரம்பிக்குது. நான் இங்க உக்காந்துக்கினு இருக்கறதே உங்களாலதான்," என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது, இத்தனை வருஷம் கழித்துச் சொன்னேன். அடக்க விலைக்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

அக்கா விரல் விட்டு எழுத்துகளை எண்ணினார். பத்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல அர்த்தம் பாத்தியாமா?"