தூளில் ஈயம் உண்டு

ஒரு மருந்துத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? தர்மபுரத்தில் எங்கள் அயல்வீட்டுச் சிவனேஸ்வரி கேட்டபோது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அவளுக்குக் கலியாணமாகி ஏழு வருடம். கணவன் இளையதம்பியோடு யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டி, வயலும் விளைய வைத்தாயிற்று. பிள்ளை மட்டும் இல்லை. அயலில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போய்வந்தால், தூக்கி வைத்திருந்த குழந்தையின் பால்மணம் தோளை விட்டுப் போகும்வரை குளிக்கமாட்டாள்.

சைக்கிள் வியாபாரி ஒருவனிடம் சிவப்புத் தூளை வாங்கியதும் அந்த ஏக்கத்தில்தான்.

"உடம்பில சத்து ஏறினால் எல்லாம் சரிவரும் தங்கச்சி" என்றான்.

தேனில் குழைத்துத் தின்றாள். மூன்றாம் மாதம் வயிறு முறுக்கியது. ஆஸ்பத்திரி டொக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்முரசைப் பார்த்தார். பல்லடியில் நீலக்கோடு ஓடியிருந்தது. தூளில் கொஞ்சத்தைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினார்.

"மறுமொழி வருமட்டும் இதைத் தொடாதேங்கோ."

அவளும் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் நாள் தள்ளிப்போனது. ஏழு வருடத்தில் முதல்தடவை. பிறகு டொக்டர் எழுதிய துண்டுக் கடிதம் வந்தது. இளையதம்பி வாசித்தான்: "தூளில் ஈயம் உண்டு."

சிவனேஸ்வரி சிரித்துவிட்டாள். "இவ்வளவுதானோ! நான் நஞ்சாக்கும் எண்டெல்லோ பயந்து கிடந்தனான். ஈயம் பூசின சட்டியிலதானே புளிக்கறி காச்சிறம்."

"அப்ப உன்ர வயித்துக்கும் ஒருக்காப் பூசுவம்" என்று அவன் பகிடி விட்டான்.

மிச்சத் தூளையும் வயிற்றுப் பிள்ளையின் சத்துக்கென்று தின்று முடித்தாள். ஐந்தாம் மாதம் கரு கலைந்தது.

"சட்டிக்குப் பூசிறது வெள்ளீயம், பிள்ளை" என்றார் டொக்டர். "இது காரீயம். கடற்கரையில வலைக்குக் கட்டிற குண்டு இதாலதான். நஞ்சு."

"அதை முழுசா எழுதியிருக்கலாமே, ஐயா?" என்றாள் சிவனேஸ்வரி.

டொக்டர் சொன்னார்: "நான் இங்கிலீசில படிச்சவன். அதில ரெண்டுக்கும் வேற வேற பேர். தமிழில எழுதேக்க யோசிக்கேல்லை."

இப்போது மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், "இனிப் பெறலாமோ ஐயா?" என்று கேட்கிறாள். "உடம்பை விட்டு அது கழியட்டும். பொறுங்கோ" என்கிறார். பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

வாசிக்கிறவர்களே, பிள்ளைக்கு ஏங்குகிற வீடுகளில் இவள் கதையைச் சொல்லுங்கள். சோதிக்காத தூளைத் தின்னவேண்டாம் என்று சொல்லுங்கள். ஈயம் என்று யாராவது எழுதித் தந்தால், எந்த ஈயம் என்று கேட்கச் சொல்லுங்கள்.