காபி நிறத்தில் வந்த ஆயில்

பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரிக்கு, நான் வேலை பார்க்கும் ஆயில் கம்பெனி சார்பில் வண்டிகளின் எஞ்சின் ஆயிலைச் சோதிக்கப் போயிருந்தேன். வந்ததிலிருந்தே டிப்பர் டிரைவர் ஒருவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிலைப் பார்க்க ஓசூர்லருந்து ஒரு பொம்பள வரணுமா?" என்று என் காதுபடவே சொன்னார்.

அவர் வண்டியில் எடுத்த ஆயில், பால் விட்ட காபி மாதிரி இருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"இதை ஓட்டக் கூடாது சார். லோடோட மேடு ஏறும்போது எஞ்சின் இறுகி நின்னுடும், வண்டி பின்னால உருண்டுடும்," என்று குவாரி முதலாளியிடம் சொன்னேன்.

"ஏம்மா, புது ஆயில் விக்கறதுக்கா இந்த நாடகம்?" என்று கத்தியவர், டிரைவர் பக்கம் திரும்பினார். "நீ லோடு ஏத்திக்கினு மேல போடா!"

டிரைவர் சாவியை உருவினார். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் அதை வீசி எறிந்தார்.

"நானும் ஓட்டல. வேற எவனும் ஓட்டிச் சாவ வேணாம்."

முதலாளி அவர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். வேலை அங்கேயே போனது.

நான் திரும்பும்போது டிரைவர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"ஏறுங்கண்ணா, பஸ் ஸ்டாண்டுல விடறேன்."

"உன்னாலதான் என் பொழப்பு போச்சு. போ அந்தாண்ட!"

அன்று அந்தக் குவாரியில் என் பேச்சை நம்பியவர் அவர் ஒருவர்தான். என்னை மன்னிக்காதவரும் அவர்தான்.