ஈஸ்வரமூர்த்தி எடுத்த சாவு

மதுக்கரையில் சிமெண்ட் கடை வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தி, படம் எடுப்பதற்கு முன்பே படத் தயாரிப்பாளர் ஆகிவிட்டான். முதலில் லெட்டர்பேடு அடித்தான். அப்புறம் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. காலையில் அந்தக் கோலத்தில் கடைக்குப் போனால், மூட்டைத் தூசி படிந்து மத்தியானத்துக்குள் விபூதியில் புரண்ட சாமியார் மாதிரி ஆகிவிடுவான்.

அவனுடைய அக்கா ராசாத்தாள் தாராபுரத்தில் வாக்கப்பட்டவள். எட்டாவது வரை படித்தவள். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வாள். கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். தம்பி விஷயத்தில் மட்டும் அந்தத் திருத்தம் கொஞ்சம் தளர்ந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம், "என்ற தம்பி புரொடியூசருங்க" என்பாள். என்ன படம் எடுத்தார் என்று யாராவது திருப்பிக் கேட்டால், நீங்கள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டதா பாருங்கள் என்று அக்கறையாகச் சொல்வாள்.

படம் ஒன்று எடுக்கத்தான் செய்தான். தொண்ணூற்றிரண்டில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வால்பாறையில் ஒரு காதல் கதை ஆரம்பித்தான். கதாநாயகியை அட்டை கடித்தது. கதாநாயகனுக்குக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஆரம்பித்த வாந்தி, இறங்கி முடிக்கும்வரை நிற்கவில்லை. பாதிப் பாட்டு எடுத்தார்கள். அதிலும் பனிமூட்டம் மட்டும்தான் தெளிவாக விழுந்திருந்தது. கூட்டாளிகள் கழன்றுகொண்டார்கள். "படம் வரலைன்னாலும் அனுபவம் வந்துச்சில்லக்கா" என்றான் ஈஸ்வரமூர்த்தி. அனுபவத்தை எந்தத் தியேட்டரிலும் ஓட்ட முடியவில்லை.

தொண்ணூற்றைந்தில் கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி இழுத்தார்கள். வீட்டுக்கு வீடு டிவியில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு வழி தெரிந்துவிட்டது. சென்னையில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சேனல், மாதிரிக்கு ஒரு பகுதி எடுத்து வரச் சொன்னது. பிடித்திருந்தால் வாரம் அரை மணி நேரம் கொடுப்பார்கள். இதுவும் போனால் லெட்டர்பேடை அடுப்பில் போட்டுவிட்டுக் கடையிலேயே உட்காருவதாக, மாரியம்மன் படத்துக்கு முன்னால் பெண்டாட்டிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

தொடருக்குக் 'கண்மூடாத தாய்' என்று பெயர் வைத்தான். பிள்ளைகளுக்காகக் கூலி வேலை செய்து தேய்ந்துபோகும் ஒரு விதவைத் தாய், முதல் பகுதியின் முடிவிலேயே கண்ணை மூடிவிடுகிறாள். பெயருக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு, "அது உள்ளர்த்தமுங்க" என்றான். தாயாக நடிக்க ஒத்துக்கொண்ட சென்னை நடிகை, தங்குமிடத்தில் ஏசி இல்லையென்று கேள்விப்பட்டதும் வரவில்லை. அக்காவிடம் வந்து நின்றான்.

"விதவையா? எங்கூட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. பொட்ட அழிக்க மாட்டேன் சாமி" என்றாள் ராசாத்தாள்.

கதையில் செத்துப்போயிருந்த அப்பா உயிர் பிழைத்துப் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். கிழிந்த சேலை கட்டினால், கட்டியவர் சோறு போடவில்லையா என்று ஒரம்பரைச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்றாள். கூலிக்காரத் தாய் அரக்குப் பட்டில் பருத்தி எடுத்தாள்.

சாவை மட்டும் மாற்ற முடியவில்லை. தாராபுரத்தில் அவள் வீட்டு வாசலிலேயே கட்டில் போட்டு, மாலையும் கையுமாக நின்றார்கள். அவள் புருசன் திருமலைசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மச்சினனிடம் வந்தார்.

"ஏனுங்க மாப்ள, என்ற பொண்டாட்டிய என்ற ஊட்டு வாசல்லயே படுக்க வெச்சு மாலை போடறீங்க. இது நல்லாவா இருக்குது?"

கேமராமேன் நரசிம்மலு சமாதானம் சொன்னார். "வெசனப்படாதீங்க. சினிமாவுல இதுக்கொரு வழி இருக்குதுங்க. பொணமா நடிச்சவங்க, எடுத்து முடிச்ச கையோட கேமராவப் பாத்துச் சிரிச்சுப்போடணும். தோசம் அங்கயே கழிஞ்சுபோயிருமுங்க."

திருமலைசாமி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ராசாத்தாள் படுத்தாள். எதையும் திருத்தமாகச் செய்கிறவள் ஆயிற்றே. மூச்சை அப்படி அடக்கினாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் நிஜமாகவே மூக்கைச் சிந்தினார்கள். எடுத்து முடித்ததும் நரசிம்மலு, "இப்பச் சிரிங்கக்கா" என்றார். அவள் மாலையோடு எழுந்து உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கேமராவைப் பார்த்துக் கேட்டாள்: "செரியாச் செத்தனுங்களா?"

"இந்தச் சிரிப்பு டீவீல வருமில்ல?" என்றார் திருமலைசாமி.

"அதெப்படிங்க மச்சான்? அது கேமராவுக்கு மட்டும்" என்றான் ஈஸ்வரமூர்த்தி.

"சாவ ஊரே பாக்கும். சிரிப்பக் கேமரா மட்டும் பாக்கும். அப்பத் தோசம் கேமராவுக்குத்தானுங்க கழியும்? என்ற பொண்டாட்டிக்கு எப்படிக் கழியும்?"

"கலைங்க மச்சான், இது கலை."

"கலைய உங்கூட்ல வெச்சுக்கங்க. சிரிப்பு வரலைன்னா கேசட்டு மெட்ராசுக்குப் போகாது."

"செரிங்க மச்சான்" என்றான் ஈஸ்வரமூர்த்தி. கொங்கு நாட்டில் 'செரிங்க' என்ற சொல்லைச் சம்மதம் என்று நினைத்துக் கெட்டுப்போனவர்கள் நிறையப் பேர்.

காந்திபுரத்தில் கேசட்டை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் நஃபீசாவிடம் போய், தாய் கண் மூடும் இடத்தோடு நிறுத்திவிடச் சொன்னான். சஃபாரி சூட் தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கிக்கொண்டு அவன் முன்னதாகச் சென்னைக்குப் போய்விட்டான். கேசட்டை எடுத்துக்கொண்டு அக்காவும் மச்சானும் பின்னால் ரயிலேறி வருவதாக ஏற்பாடு.

கேசட்டை வாங்க வந்த ராசாத்தாள், ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னாள். திரையில் அவள் செத்தாள். அவ்வளவுதான், கறுப்பு. பக்கத்தில் புருசனுக்கு மூச்சு சீறியது.

"அண்ணன்தானுங்க வேண்டாம்னாரு" என்றாள் நஃபீசா.

ராசாத்தாள் அந்தக் கறுப்பையே பார்த்தாள். தம்பியின் பிழைப்பு இந்தக் கேசட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால், நாடே தன்னைச் செத்தவளாகவே விட்டுவிட்டு டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போன மாதிரி இருந்தது.

"சேத்துப்போடு கண்ணு. அவன் சின்னப்பையன், அவனுக்கென்ன தெரியும்" என்றாள். சின்னப்பையனுக்கு முப்பத்தெட்டு வயது.

நஃபீசா அதுவரை கல்யாணக் கேசட்டுகள்தான் செய்திருந்தாள். மாலை போட்ட ஒரு பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்தால் அவள் விரல் தானாக ஒரு பொத்தானுக்குப் போய்விடும். போனது.

சென்னை அலுவலகத்தில் முடிவு சொல்ல வேண்டிய அதிகாரி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். கூலிக்காரியின் பட்டுச்சேலையை முகம் சுளிக்காமல் பார்த்தார். தாய் கண்ணை மூடியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஈஸ்வரமூர்த்தி அக்காவைப் பெருமையோடு பார்த்தான். திரை கறுத்தது. கும்பிடுவதற்காக எழுந்து நின்றான்.

கறுப்புக்குள்ளிருந்து சிவப்பாக ஓர் இதயம் விரிந்தது. ரோஜா இதழ்கள் கொட்டின. நடுவில் பிணம் எழுந்து உட்கார்ந்து சிரித்தது. "செரியாச் செத்தனுங்களா?"

அந்த அம்மாளுக்குப் புரையேறியது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். சஃபாரி சூட்டுக்குள் ஈஸ்வரமூர்த்தி சுருங்கிக்கொண்டே போனான். "அக்கா..." என்று மட்டும் வாயசைத்தான். ராசாத்தாள் கூரையைப் பார்த்தாள். திருமலைசாமி மட்டும், தோசம் கழிந்த நிம்மதியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அழ வைக்கிறதுக்கு எங்ககிட்ட வரிசையில நிக்கிறாங்க சார். இந்த மாதிரி ஒண்ணை யாருமே கொண்டுவரலை. வாரம் ஒரு தடவை அந்த அம்மா சாகணும், எழுந்து இதையே கேக்கணும். எழுதிக்கோங்க, அரை மணி உங்களுக்கு. ஆமா, இது யாரோட யோசனை?"

ஈஸ்வரமூர்த்தி அக்காவைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். பிறகு காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நம்ம யோசனைதானுங்க மேடம். மொதல்ல அழ வெச்சுப்போட்டு அப்பறம் சிரிக்க வெக்கோணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சுங்க."

திருமலைசாமி வாயைத் திறந்தார். ராசாத்தாள் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"ஆமாங்க. என்ற தம்பி சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாம்பு கடித்துச் செத்தாள், காய்ச்சலில் செத்தாள், மருமகள் வைத்த ரசத்தில் செத்தாள். ஊர் ஊராக அவளை நிறுத்தி, "செரியாச் செத்தீங்களா அம்மணி?" என்று கேட்டார்கள். ஈஸ்வரமூர்த்தியின் லெட்டர்பேடில் பெயருக்கு முன்னால் 'நகைச்சுவை வேந்தர்' ஏறியது. ஆனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மட்டும் அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒவ்வொரு சாவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் எடுத்தான்.

"பாருக்கா, இந்த வாரம் ஒருத்தனாலயும் சிரிக்க முடியாது. நாட்டையே அழ வெச்சுப்போடறேன்" என்பான்.

"வையி சாமி. நல்லா அழ வையி" என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கசங்காமல் மடிப்பை நீவிக்கொண்டு, ராசாத்தாள் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வாள்.