நான் எழுதிய குறைப் பட்டியல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக உதிரி பாகங்களைச் சோதிப்பது என் வேலை. குறை கண்டுபிடித்தே பழகியவன். ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை, வீட்டில் யாருடனும் பேச்சில்லை. மனைவிதான் விடாப்பிடியாக ஆவடியில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பி வைத்தாள்.

அங்கேயும் வேலைப் புத்தி போகவில்லை. என் குறைகளை வரிசையாக எழுதி எடுத்துப்போய் நீட்டினேன். மொத்தம் பதினான்கு; பாதிக்கு மேல் 'அண்ணனைப் போல இல்லை' என்றே முடியும்.

"பாத்து சொல்லுங்க மேடம். சரிபண்ண முடியுமா, இல்ல மொத்தமா ரிஜெக்ட்டா?"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "உங்க கம்பெனியில தொடர்ந்து பதினாலு பீஸ் ஃபெயிலானா என்ன செய்வீங்க?"

"மொதல்ல அளக்குற கேஜ் சரியா கீதான்னு..."

பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடமும் என் அண்ணனை வைத்தே என்னை அளந்துவந்தது அப்போதுதான் உறைத்தது. இப்போது அவர் சிரித்தார். நானும்தான்.

வீட்டு வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னாங்க?"

"பீஸ் நல்லாத்தான் கீதாம். கேஜ்தான் கோளாறாம்."

"இத்தத்தானே நான் கண்ணாலமான நாள்லேர்ந்து சொல்லிகினு கீறேன்!"

கேஜ் ஒரே நாளில் சரியாகிவிடாது. அதனால் சனிக்கிழமைதோறும் ஆவடிக்குப் போகிறேன். அந்தத் தாளில் ஏழாவது குறை, 'மகளுக்கு என்னைப் பிடிக்காது'. போன வாரம் அது மகளின் கண்ணிலேயே பட்டுவிட்டது. அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'ரிஜெக்ட்' என்று எழுதி வைத்திருந்தாள்.