மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசிக் கடைசி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஆனாலும் மணல் பள்ளங்களில் பூவுக்குப் பஞ்சமில்லை. தரையெல்லாம் மஞ்சள் நெருஞ்சி, ஊதாக் கொழுஞ்சி, நடுநடுவே ஆள் உயரத்துக்கு எருக்கு.

என் தங்கைக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. அவள் தன் கையாலேயே வெள்ளெருக்குப் பறித்து, மாலை கட்டிப் பிள்ளையாருக்குப் போட்டால் தடை விலகும் என்று யாரோ சொல்ல, நான் அதையே பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இஷ்டமே இல்லை. "கடையிலயே மாலை வாங்கிக்கலாமேக்கா" என்றாள். "கல்யாணம் உனக்கா, கடைக்காரருக்கா?" என்று அதட்டி இழுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது கொத்தை ஒடித்தபோது பால் தெறித்து அவள் வலது கண்ணில் விழுந்தது. "ஐயோ, எரியுதுக்கா!" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார்.

"கசக்க விடாதீங்க! கையில தண்ணி வச்சிருக்கீங்கல்ல, ஊத்திக் கழுவுங்க!"

என் கையில் பாட்டில் இருந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் எருக்கம்பால் பட்ட கண்ணில் பச்சைத்தண்ணீர் படக்கூடாது, விளக்கெண்ணெய்தான் விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. "எங்களுக்குத் தெரியும். நீங்க போய் உங்க ஆட்டைப் பாருங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கூட்டிவந்து எண்ணெய் விட்டேன். மறுநாள் கண் வீங்கிப் பார்வை மங்கிய பிறகுதான் தில்லை நகர் கண் டாக்டரிடம் ஓடினோம். "பட்டவுடனே தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"அங்க தண்ணி இல்ல டாக்டர்" என்றாள் தங்கை.

கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் அவளுக்கு எல்லாமே பனிமூட்டம்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா!

ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று பார்க்கிறது. நான் போவதில்லை. கையிலிருந்த ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றாதவள், ஆறு நிறைய ஓடுவதை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?